கணினியை மாற்றினால் இணையம் வேகமாகுமா?

கேள்வி: வீட்டில் 200 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 200 மெகாபிட்) ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினியில், கேபிள் வழியாக வேகத்தைச் சோதித்தால் 94-க்கு மேல் ஏறுவதே இல்லை. பேரன் இணையத்தில் விளையாடும்போது, மாலை நேரங்களில் பிங் (தரவு போய்த் திரும்ப ஆகும் நேரம்) 20 மில்லி விநாடியிலிருந்து 150 வரை தாவுகிறது. புராசஸர், மதர்போர்டு, ராம் மூன்றையும் மாற்றினால் இரண்டு குறைகளும் தீரும், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: இப்போது மாற்ற வேண்டாம், ஐயா. ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் 40,000 ரூபாய் சிறிய தொகையன்று. தாங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் பெரும்பாலும் அந்த மூன்று பாகங்களில் இல்லை.

94 என்ற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நூறு மெகாபிட் இணைப்பில், தரவோடு சேர்ந்து செல்லும் முகவரி முதலான தகவல்களுக்கு உரியது போக, நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 94தான். அதாவது, கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான இணைப்பு நூறிலேயே நிற்கிறது. விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் சென்று இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 100/100 என்று இருந்தால் ஐயமே இல்லை. கணினியின் நெட்வொர்க் கார்டு பழைய நூறு மெகாபிட் வகையாக இருக்கலாம். மோடத்தில் ஒரு துளை மட்டும் ஜிகாபிட்டாகவும் (ஆயிரம் மெகாபிட்) மற்றவை நூறாகவும் இருக்க, கேபிள் தவறான துளையில் செருகப்பட்டிருக்கலாம். கேபிளே பழுதாகியும் இருக்கலாம்.

என் வீட்டில் நடந்தது மூன்றாவது. கதவிடுக்கில் நசுங்கிக் கிடந்த கேபிளைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே இருந்த எட்டுக் கம்பிகளில் பழுப்பு நிறக் கம்பி அறுந்திருந்தது. நூறு மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு இணைகளே போதும் என்பதால் இணையம் நின்றுபோகவில்லை; எட்டுக் கம்பிகளும் தேவைப்படும் ஜிகாபிட் மட்டும் கைவிட்டுப்போய், வேகம் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கியிருந்தது. எனவே முதலில் துளையை மாற்றிப் பாருங்கள், அடுத்து கேட் 5இ வகையில் ஒரு புதிய கேபிளைப் போட்டுப் பாருங்கள். குறை கார்டில்தான் என்று தெரிந்தால் ஜிகாபிட் கார்டு மட்டும் வாங்கினால் போதும். கடைக்காரர் சொன்ன தொகையில் அது மிகச் சிறிய பங்கு.

பிங் வேறு கதை. ஒரு தரவுப் பொட்டலத்தை (இணையத்தில் செல்லும் தரவின் சிறு துண்டு) அனுப்பக் கணினி எடுத்துக்கொள்ளும் நேரம் பொதுவாக ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் என்பதால், போய்வர மட்டுமே 10 மில்லி விநாடி ஆகிவிடும். எந்தப் புராசஸரும் அந்தத் தூரத்தைக் குறைக்காது. ஆனால் பேரனுக்கு மாலையில் மட்டும் தாவுகிறது என்றால், அது தூரத்தால் வருவதன்று, நெரிசலால் வருவது. வீட்டில் ஒருவரின் கைப்பேசி படங்களை மேலேற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பொட்டலங்கள் மோடத்தில் வரிசைகட்டி நிற்கும். விளையாட்டின் சின்னஞ்சிறு பொட்டலமும் அவற்றின் பின்னால் காத்து நிற்க வேண்டியதுதான்.

இதையும் தாங்களே சோதிக்கலாம். பிங் தாவும் நேரத்தில், கட்டளைத் திரையில் (Command Prompt) மோடத்தின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1) பிங் கொடுத்துப் பாருங்கள். அங்கே ஓரிரு மில்லி விநாடியே காட்டினால், கணினியும் கேபிளும் குற்றமற்றவை. பிறகு மற்றக் கருவிகள் அனைத்தையும் இணையத்திலிருந்து துண்டியுங்கள். பிங் 20-க்கு இறங்கினால், நெரிசல் வீட்டுக்குள். பதிவேற்றங்களை இரவுக்கு ஒத்திவைக்கலாம், அல்லது வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதியுள்ள ரூட்டர் வாங்கலாம். இறங்காவிட்டால், நெரிசல் பெரும்பாலும் வெளியே இருக்கிறது. தேதி, நேரம், எண் மூன்றையும் சில நாள்கள் குறித்துவைத்து, இணைப்பு தரும் நிறுவனத்திடம் முறையிடுங்கள்.

பிங் 20-லேயே அசையாமல் நிற்கும்போதும் திரையில் படம் விட்டுவிட்டு நகர்ந்தால், அது பெரும்பாலும் கணினியின் குறை. வேகச் சோதனை நன்றாக இருந்தும் பக்கங்கள் தாமதமாகத் திறந்தாலும் கணினியின் குறையாக இருக்கலாம். அந்நிலையிலும் மதர்போர்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத, வேகமான சேமிப்பகம்) பொருத்திப் பாருங்கள், படம் மட்டும் தடுமாறினால் கிராஃபிக்ஸ் கார்டைக் கவனியுங்கள்.