அட்டை இருக்கிறது, மாத்திரை?

கேள்வி: ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு அரசே காப்பீடு தரும்போது, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஏன் கோடி கோடியாகக் கொட்ட வேண்டும்? எல்லோருக்கும் அட்டை கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிகளைத் தனியாரிடம் விட்டுவிடலாமே? அதுதானே உண்மையான சீர்திருத்தம்?
– ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: இல்லை. அந்த அட்டை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிறவர்களுக்கானது. இதய ஆபரேஷனுக்காக வீட்டை அடகு வைக்க வேண்டிய குடும்பத்துக்கு அது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். ஆனால் ஓ.பி.யில் காட்டிவிட்டு மாதாமாதம் மருந்து வாங்குகிறவருக்கு அதனால் பயனில்லை. நம் மக்களின் கைக்காசு பெரும்பாலும் கரைவது அந்த மருந்துக்குத்தான்.

போன மாதம் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். வயதான ஓர் அம்மா கசங்கிய சீட்டை நீட்டி, "நாலு நாளைக்கு மட்டும் குடுப்பா" என்றார். கடைக்காரர் கத்தரிக்கோலால் சுகர் மாத்திரையில் நாலு, பிரஷர் மாத்திரையில் நாலு என்று வெட்டிக் கொடுத்தார். "அரசு ஆஸ்பத்திரியில் சும்மா தருவார்களேம்மா?" என்றேன். "போனா ஒரு நாள் கூலி போயிடுது தம்பி" என்றார்.

ஐந்தாவது நாள் அவர் என்ன செய்வார்? விட்டுவிட்டுச் சாப்பிட்டால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. காலில் புண் வந்தால் ஆறாது, கடைசியில் விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிவரும். அன்றைக்குத்தான் அவருடைய அட்டை செல்லும். கால் நன்றாக இருக்கும்போது மாத்திரைக்குப் பணம் தராமல், காலை எடுப்பதற்குப் பணம் தரும் ஏற்பாட்டைச் சீர்திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த அம்மாவின் கூலிப் பிரச்சினைக்கு விடை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அது இவர் வீட்டை எட்டவில்லை, எட்டியாக வேண்டும். அதற்கு ஆளும் மருந்தும் வேண்டும். நீங்கள் கொட்டுவதாகச் சொல்லும் பணம் அதற்குத்தான்.

மருந்தை எப்படி வாங்குவது என்பதும் நமக்குத் தெரியும். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்குமான தேவையைக் கணக்கிட்டு, மொத்தமாக டெண்டர் விட்டு, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். ராஜஸ்தான் 2011இல் இதே வழியில் இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது. காப்பீட்டை விட இது பேசப்படுவது குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இதெல்லாம் புதிய யோசனையும் இல்லை. பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது என்று, நாட்டின் சுகாதார நிலையை ஆராய ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைந்த குழு 1946லேயே எழுதிவிட்டது. அதில் உறுப்பினராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார், பிறகு தன் தலைமையிலான குழுவின் அறிக்கையில், புதிய ஆரம்ப சுகாதார நிலையங்களைத் திறக்கும் முன் இருப்பவற்றைப் பலப்படுத்தச் சொன்னார். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, சுகாதாரத்துக்கான அரசுச் செலவை 2025க்குள் ஜி.டி.பி.யில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம். மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்களின் சொந்தப் பணம்.

சரி, தனியாரிடம் விட்டுவிடுவோம் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் அரசு ஆஸ்பத்திரி இல்லாத ஊரில், 'காப்பீட்டில் தரும் கட்டணம் கட்டுப்படியாகாது' என்று தனியார் ஆஸ்பத்திரி கையை விரித்தால் நோயாளி எங்கே போவார்? இரவு 2 மணிக்கு வயலில் பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், விஷமுறிவு ஊசி எங்கே இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். உங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த நேரத்தில் ஊசியும் நர்ஸும் இருக்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள். இல்லையென்றால் அந்தக் கடிதத்தையும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.