ஒப்பந்தம் இரண்டு வருடம், பூனைக்குப் பதினைந்து வருடம்

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பிராணி மருத்துவரிடம் 22 வருடம் உதவியாளராக இருந்தவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, வேலைக்காக இங்கே வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் வீட்டுப் பிராணிகளைப் பற்றியவை. மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். கோலாலம்பூரில் ஐடி வேலை. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கொண்டோவில் 17-ஆவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வேலை அனுமதி இரண்டு வருடம், அதில் பதினோரு மாதம் போய்விட்டது. போன வாரம் கொட்டிய மழையில் கார் நிறுத்துமிடத்துக் கால்வாய் ஓரம் ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. என் மனைவி தூக்கி வந்துவிட்டாள். வால் நுனி மடங்கியிருக்கிறது, யாரோ முறித்துவிட்டார்கள் என்று நினைக்கிறோம். வீட்டு ஒப்பந்தத்தில் பிராணி வளர்க்கக் கூடாது என்று இருக்கிறது. வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாமா? ஊருக்குத் திரும்பும்போது கூட்டிப்போக முடியுமா?

பதில்: தம்பி, முதலில் வாலைப் பார்த்துவிடுவோம். உங்கள் மனைவி அதை நினைத்துத்தான் தூங்காமல் இருப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வாலை வைத்து, அடியிலிருந்து நுனி வரை மெல்லத் தடவிக்கொண்டே போங்கள். மடங்கிய இடத்தில் எலும்பு கெட்டியாக, ஒரு சின்ன முடிச்சு மாதிரி கைக்குத் தட்டுப்பட்டு, குட்டி அதைச் சட்டை செய்யாமல் இருந்தால் அது பிறவியிலேயே வந்தது. இந்த வட்டாரத்துப் பூனைகளுக்குக் கொக்கி வால், குட்டை வால், முயல் மாதிரி மொட்டு வால் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருகிற எல்லோரும் கிளினிக்கில் முதலில் கேட்பது இதைத்தான். யாரும் முறிக்கவில்லை என்று வீட்டில் சொல்லுங்கள். ஆனால் வீக்கம் இருந்தாலோ, வால் முழுக்கத் தொங்கிப்போய், பின்பக்கம் எப்போதும் சிறுநீரில் நனைந்திருந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ளாதீர்கள். பல வருடங்களுக்கு முன்பு ஒரு குடும்பம் அப்படி வைத்திருந்தது. ஏர்கோண்ட் கழுவ வந்த ஆள் கட்டிலுக்கு அடியில் பூனையைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். மூன்று நாள் கெடு. அந்தப் பெண் எங்கள் கவுண்டருக்கு முன்னால் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்தப் பூனை அப்புறம் என்னோடுதான் இருந்தது. முதல் பத்து நாள் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை. ராத்திரியில் விளக்கை அணைத்த பிறகு சாப்பிடும் சத்தம் மட்டும் கேட்கும்.

உங்களுக்கு இரண்டு அனுமதி வேண்டும், ஒன்று வீட்டுக்காரரிடம், இன்னொன்று கொண்டோ நிர்வாகத்திடம். அடுத்தவருக்குத் தொந்தரவாகவோ ஆபத்தாகவோ இருக்கும் பிராணியை வைத்திருக்கக் கூடாது என்பது அடுக்குமாடிகளுக்கான 2015-ஆம் வருட ஸ்ட்ராட்டா விதிகளில் உள்ளது. அதற்கு மேல் ஒவ்வொரு கொண்டோவும் வீட்டு உரிமையாளர் கூட்டம் போட்டுப் பிராணி வளர்ப்புக்குத் தனி விதி சேர்த்துக்கொள்ளலாம். அதனால் பக்கத்து கொண்டோவில் நடப்பது உங்கள் கொண்டோவில் செல்லாது. நிர்வாக அலுவலகத்தில் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வீட்டுக்காரரிடம் வெறும் கையோடு போகாதீர்கள். கருத்தடை செய்துவிடுகிறேன், ஜன்னலுக்கு வலை போடுகிறேன், முன்பணம் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். சம்மதித்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும். சம்மதிக்கவே இல்லையா, குட்டிக்கு இந்த மாதமே வேறு வீடு பாருங்கள். கையளவு குட்டியை ஆசையாக வாங்குவார்கள். வளர்ந்த பூனைக்கு வீடு தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

ஜன்னல் வலையை வீட்டுக்காரருக்காக மட்டும் சொல்லவில்லை. 17-ஆவது மாடி! பல்லி ஓடினாலும், மைனா வந்து உட்கார்ந்தாலும் பூனை யோசிக்காமல் பாயும். கிரில் கம்பிகளுக்கு நடுவே உங்கள் கை நுழைந்தால் குட்டியும் நுழையும். வலை கட்டுகிற வரை ஜன்னலும் பால்கனிக் கதவும் மூடியே இருக்கட்டும்.

பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவை வாங்குங்கள். தடுப்பூசியை எட்டு வார வயதில் ஆரம்பிப்பார்கள், கருத்தடை நாலைந்து மாதத்தில். இன்னொன்று, காய்ச்சல் மாதிரி தெரிகிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும். அரை மாத்திரைதான் கொடுத்தோம் என்று அழுதபடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஊருக்குப் போகும் விஷயம். முடியும், ஆனால் வேலையை இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும். இரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து திரும்புகிறவர் பயணச் சாமானோடு இரண்டு செல்லப் பிராணிகள் வரை கொண்டுவரலாம் என்று 2013-இல் இந்தியா ஒரு விதி கொண்டுவந்தது. அந்த இரண்டு வருடக் கணக்கு முக்கியம். முன்கூட்டியே வேலையை விட்டுக் கிளம்பும் எண்ணம் இருந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சென்னையில் உள்ள பிராணிகள் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். தடையில்லாச் சான்றிதழ் தருவதும் அவர்கள்தான். பிராணிகள் வந்திறங்க அனுமதி உள்ள விமான நிலையங்கள் சிலதான்: டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், 2024 முதல் கொச்சியும். கோயம்புத்தூர் அதில் இல்லை, நம் ஆட்கள் அடிக்கடி போய்வரும் திருச்சியும் இல்லை. அதனால் சென்னையிலோ கொச்சியிலோ இறங்கிக் காரில் போவதாகத் திட்டம் போடுங்கள். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம்தான், பூனை தாங்கிக்கொள்ளும்.

தோலுக்கு அடியில் மைக்ரோசிப் வைத்துவிட்டு, அதன் எண்ணைத் தடுப்பூசி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக் குறைந்தது முப்பது நாள் ஆகியிருக்க வேண்டும், ஒரு வருடம் தாண்டியிருக்கவும் கூடாது. கிளம்பும் வாரத்தில் கால்நடைச் சேவைத் துறையின் உடல்நலச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏற்றுமதி அனுமதிக்கு மாக்கிஸ் என்கிற மலேசியத் தனிமைப்படுத்தல், ஆய்வுத் துறை. பயணப் பெட்டியை இரண்டு மாதம் முன்பே வாங்கிக் கதவைக் கழற்றி ஹாலில் வைத்துவிடுங்கள், உள்ளே உங்கள் பழைய சட்டை ஒன்றைப் போட்டு. தானாகப் போய்த் தூங்க ஆரம்பித்துவிட்டால் பாதி கவலை தீர்ந்தது. தூக்க மருந்து மட்டும் கொடுக்கவே கூடாது.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் எனக்கு உங்களிடம் ஒரு பதில் வேண்டும் தம்பி. பூனை பதினைந்து வருடம் இருக்கும். உங்கள் கையில் இருப்பது பதின்மூன்று மாதம். அடுத்த வேலை துபாயில் கிடைத்தால்? பிரசவத்துக்கு மனைவி முன்னாலேயே ஊருக்குப் போக வேண்டி வந்தால்? குட்டிக்குப் பெயர் வைக்கும் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து, நாம் கூட்டிப்போக முடியாவிட்டால் இது யாரிடம் இருக்கும் என்று பேசி, அந்த ஆளிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கி வையுங்கள். ஊரிலிருக்கும் உங்கள் அம்மா ஆனாலும் சரி, இங்கே கூட வேலை செய்கிறவர் ஆனாலும் சரி. பெயர் சொல்ல ஆள் இல்லை என்றால், இப்போதைக்கு வளர்த்துக்கொடுக்கும் வீடாக மட்டும் இருங்கள். ஊசி போட்டு, மணலில் போகப் பழக்கி, நல்ல கையில் ஒப்படையுங்கள். அம்பாங்கில் உள்ள சிலாங்கூர் எஸ்பிசிஏ-வில், அதாவது பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அதுவும் அந்தக் குட்டிக்கு நீங்கள் கொடுக்கும் வாழ்க்கைதான்.

கேள்வி: வணக்கம் அம்மா. என் கணவருக்குப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. மதுரையிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் ஐந்தாறு வருடம் இருப்போம். இப்போது தரை வீட்டுக்கு மாறியிருக்கிறோம், வீட்டுக்காரர் நாய் வளர்க்கச் சம்மதித்துவிட்டார். பிள்ளைகள் குட்டி நாய் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம், நல்ல பழக்கம். அவர்கள் மனம் நோகுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்குகிறீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம் அம்மா. நாய் வருவதற்கு முன்னால் போய்ச் சொல்லிவிடுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். வேலி ஓரம் மூக்கை நீட்டி நக்குகிற நாயால் அவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்று பாருங்கள். பொது வேலியில் இரண்டடி உயரத்துக்குத் தகடு அடித்துவிடுங்கள், நாயை அந்தப் பக்கம் கட்டாதீர்கள், நடக்கக் கூட்டிப்போகும்போது கயிறு கையிலேயே இருக்கட்டும். என் பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய் அத்தை, என் நாய் கறுப்பனைத் தொட்டதே இல்லை. ஆனால் நான் ஊரில் இல்லாத நாட்களில் கேட்டுக்கு வெளியே நின்று அவனோடு பேசிவிட்டுப் போவார்.

குட்டி வேண்டாம், வளர்ந்த நாயைப் பாருங்கள். ஜெலுத்தோங் படகுத்துறைச் சாலையில் உள்ள பினாங்கு எஸ்பிசிஏ-வுக்குப் பிள்ளைகளோடு ஒரு முறைக்கு இரண்டு முறை போங்கள். இரண்டு மூன்று வயது நாயின் குணம் ஏற்கெனவே தெரிந்துவிடும், குரைக்குமா, பிள்ளைகளிடம் எப்படி என்று அங்கே பார்த்துக்கொள்கிறவர்களே சொல்வார்கள். நாட்டு நாயே நல்லது. பின்னால் விமானத்தில் கூட்டிப்போக வேண்டி வந்தால், பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களைப் பல விமானங்களில் ஏற்றமாட்டார்கள்.

வந்த வாரமே மாநகர் மன்றத்தில் உரிமம் எடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டுபிடிக்கப்பட்டு, தெரு நாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது. அந்த வாரங்களில் கழுத்தில் பட்டை இல்லாமல் கேட்டுக்கு வெளியே நின்ற நாய் தெரு நாய்தான், அது யார் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கினாலும். உரிமத் தகடு மாட்டாமல் விட்டுவிட்டோமே என்று தேடிக்கொண்டு எங்கள் கிளினிக்குக்கு வந்தவர்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்ல முடியும்? கறுப்பனின் கழுத்துப் பட்டையை இன்றைக்கும் ராத்திரியில்கூட நான் கழற்றுவதில்லை.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் மிச்ச சாம்பார் சோற்றை நாய்க்குப் பிசைந்து வைப்பது வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், பாயசத்தில் போடும் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். சோறு தாராளமாகப் போடுங்கள், வேகவைத்த கோழியும் பூசணியும் சேர்த்து, உப்பு காரம் இல்லாமல். கொசு மூலம் இதயப் புழு வரும் ஊர் இது, மாதாமாதம் அதற்கு மருந்து உண்டு, மறக்காதீர்கள்.

அப்புறம் பட்டாசு. தீபாவளிக்கு நீங்களே தயாராக இருப்பீர்கள். பினாங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாதது சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் ராத்திரி. ஒன்பதாம் நாள் ஹொக்கியன் சீனர்களின் பெரிய வழிபாடு, நள்ளிரவில் தீவே அதிரும். கேட்டைத் தாண்டி ஓடிப்போன நாய்களைத் தேடி மறுநாள் காலை கிளினிக் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். அன்று மாலையே நடக்கக் கூட்டிப்போய்விட்டு, உள்ளறையில் மின்விசிறியைச் சத்தமாக ஓடவிட்டு, யாராவது ஒருவர் கூடவே படுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் சுங்கை பட்டாணியில் பிறந்து கோலாலம்பூரில் வேலை செய்பவள். எங்கள் மாடியில் இருக்கும் புனே நகரத்துக் குடும்பம் இரண்டு மாதத்தில் ஊர் திரும்புகிறது. வயதான மாமியாருக்கு ஒவ்வாமை, அதனால் தங்கள் ஆறு வயதுப் பூனையை நான் எடுத்துக்கொள்வேனா என்று கேட்டார்கள். சரி என்றுவிட்டேன். என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: இரண்டு மாதம் முன்னாலேயே கேட்டிருக்கிறார்களே, நல்ல மனிதர்கள். விமானம் ஏறும் முந்தின நாள் ராத்திரி கூண்டோடு கிளினிக் வாசலில் வைத்துவிட்டுப் போனவர்களையே அதிகம் பார்த்தவள் நான்.

தடுப்பூசி அட்டையை வாங்குங்கள், மைக்ரோசிப் இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். எந்த மருத்துவரிடம் காட்டினார்கள், எந்த வேளைக்கு எவ்வளவு சாப்பிடும், எந்த மணல், கூப்பிடும்போது எந்த மொழியில் கூப்பிடுவார்கள் என்று எழுதி வாங்குங்கள். மராத்தியில் இரண்டு வார்த்தை கற்றுக்கொள்வது சிரமமா என்ன! இப்போதிருந்தே வாரம் இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போய் நீங்களே சாப்பாடு வையுங்கள். அவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பூனை உங்களிடம் வந்துவிடட்டும், ஏதாவது சிக்கல் என்றால் கேட்க ஆள் பக்கத்திலேயே இருக்கும். முதல் வாரம் ஒரே அறை, பழைய மணல் தட்டு, பழைய கிண்ணம். அது படுத்துக்கொள்ளும் துண்டையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் துண்டை ஒரு மாதத்துக்குத் துவைக்காதீர்கள்.