விலங்கின் நடத்தையையும் அதற்குப் பின்னால் இருக்கும் மூளையையும் எப்படி ஆராய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "மூளையில் மின்முனையைச் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடாதா, விலங்கை ஏன் மணிக்கணக்காகக் கவனிக்க வேண்டும்?"

தெரிந்துவிடாது. மின்முனை என்ற மெல்லிய கம்பியைச் செருகலாம், நியூரான் (நரம்பு செல்) துடிப்பதும் கேட்கும். ஆனால் அந்த விலங்கு என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் கேட்டால் அது வெறும் படபடப்புச் சத்தம்தான். நான் கல்லூரியில் இந்தப் பாடம் நடத்துகிறேன். முதல் வகுப்பில் எப்போதும் எடுத்துக்கொள்வது கூகையைத்தான். நம் கோயில் கோபுரங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் குடியிருக்குமே, இதய வடிவில் வெள்ளை முகத்தோடு, அதே பறவை.

1950களின் இறுதியில் அமெரிக்காவில் ரோஜர் பெய்ன் என்பவர் (பின்னாளில் திமிங்கலப் பாட்டு ஆராய்ச்சியால் பேர் வாங்கியவர்) ஒரு கூகையை இருட்டறையில் வைத்துச் சோதித்தார். தரையில் காய்ந்த இலைகள், துளி வெளிச்சம் கிடையாது. எலியை விட்டதும் கூகை பாய்ந்து பிடித்தது. எப்படி? மோப்பமா, எலியின் உடல் சூடா, சத்தமா? எலி அளவுக்குக் காகிதத்தை உருட்டி, நூலில் கட்டி இலைகள் மேல் இழுத்தார். கூகை அதன் மேலும் பாய்ந்தது. காகிதத்துக்கு ஏது எலி வாசனை, ஏது சூடு? ஒரு காதைப் பஞ்சால் அடைத்தபோது குறி தப்பியது. மூளையைத் தொடவே இல்லை, ஆனால் கேள்வி கூராகிவிட்டது: இரண்டு காதில் விழும் சத்தத்தை வைத்து இடத்தை எப்படிக் கணிக்கிறது?

இதைக் கையில் எடுத்தவர் ஜப்பானில் பிறந்த மசகாசு கொனிஷி. 1975இல் கால்டெக் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு எரிக் நட்சன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கூகையால் கண்ணைச் சுழற்ற முடியாது என்றே சொல்லலாம், அதனால் சத்தம் கேட்டால் தலையைத்தான் வெடுக்கென்று திருப்பும். தலையில் ஒரு சிறு கம்பிச்சுருள், சுற்றிலும் காந்தப்புலம், வளைந்த தண்டவாளத்தில் நகரும் ஒலிபெருக்கி. தலை எவ்வளவு திரும்பியது என்று பாகைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். முகத்துக்கு நேராக வரும் சத்தத்தில் பிழை 2 பாகை அளவுதான்.

இங்கே காதின் அமைப்பைச் சொல்ல வேண்டும். கூகையின் இடது காது சற்று மேலே இருந்தாலும் கீழ்நோக்கியும், வலது காது மேல்நோக்கியும் அமைந்திருக்கிறது. அதனால் கீழிருந்து வரும் சத்தம் இடது காதில் பலமாக விழும். இடது காதை அடைத்தால் கூகை சத்தத்துக்கு மேலே பார்க்கும். வலதை அடைத்தால் கீழே. பிறகு சின்ன ஹெட்போன் மாட்டிப் பார்த்தார்கள். ஒரு பக்கத்துச் சத்தத்தைச் சில பத்து மைக்ரோ நொடி முந்தவிட்டால் தலை அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு பக்கம் சத்தத்தைக் கூட்டினால் மேலேயோ கீழேயோ போனது. ஆக, இடவலத்துக்கு நேர வித்தியாசம், மேல்கீழுக்குச் சத்தத்தின் பலத்தில் உள்ள வித்தியாசம்.

மின்முனைக்கு வருவோம். 1978இல் நட்சனும் கொனிஷியும் கூகையின் நடுமூளையில் சில நியூரான்களைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் வெளியில் குறிப்பிட்ட ஒரு பகுதியிலிருந்து சத்தம் வந்தால் மட்டுமே துடித்தது. அவை வரிசையாக, ஒரு வரைபடம் போல அடுக்கப்பட்டிருந்தன. கண்ணின் விழித்திரையில் இடம் ஏற்கெனவே பதிந்திருக்கிறது, காதில் அப்படி எதுவும் கிடையாது. அது சுருதியை மட்டுமே பிரித்துத் தரும். இந்த வரைபடத்தை மூளை கணக்குப் போட்டுத்தான் உண்டாக்க வேண்டும். ஒலிபெருக்கியை நகர்த்தாமல் ஓரிடத்தில் வைத்து விதவிதமான சுருதிகளை மட்டும் போட்டுக் காட்டியிருந்தால் இந்த நியூரான்களை 'எதற்கும் அசையாதவை' என்று ஒதுக்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அதற்குப் பிறகு 1984இல் வந்த சோதனையும் அழகானது. செவி நரம்பு மூளைக்குள் நுழைந்ததும் இரண்டு நிலையங்களாகப் பிரிகிறது. ஒன்றை மரக்கவைத்தால் நடுமூளை நியூரானின் நேரக் கணக்கு மட்டும் குழம்புகிறது. மற்றதை மரக்கவைத்தால் பலக் கணக்கு மட்டும்.

நேரக் கணக்கை எப்படிப் போடுகிறது என்பதற்கு 1948இலேயே லாய்ட் ஜெஃப்ரஸ் என்ற உளவியலாளர் காகிதத்தில் ஒரு யோசனை எழுதியிருந்தார். ஒரு தெருவின் இரு முனைகளிலிருந்து இருவர் ஒரே வேகத்தில் நடந்து வந்தால், சந்திக்கும் வீட்டை வைத்தே யார் முன்னால் கிளம்பினார் என்று சொல்லலாம் அல்லவா, அதுபோல. கேத்தரின் கார் என்ற ஆய்வாளரும் கொனிஷியும் கூகையின் மூளையில் பார்த்தபோது இரு காதுகளின் நரம்பிழைகளும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைவதும், இரண்டு துடிப்பும் ஒன்றாக வந்தால் பலமாகத் துடிக்கும் நியூரான்கள் நடுவில் இருப்பதும் தெரிந்தது. அதற்காக எல்லா விலங்கிலும் இதே கதைதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்பில் (எலி போன்ற சிறு விலங்கு) போன்ற பாலூட்டிகளில் இந்தப் படம் அப்படியே பொருந்தவில்லை.

நிகோ டின்பெர்கன் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 1963இல் நடத்தையைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்கச் சொன்னார்: எப்படி இயங்குகிறது, வாழ்நாளில் எப்படி உருவாகிறது, எதற்குப் பயன்படுகிறது, பரிணாமத்தில் எப்படி வந்தது. மேலே சொன்னதெல்லாம் முதல் கேள்விக்கானது. இரண்டாவதற்கு நட்சன் கூகைக் குஞ்சுகளுக்குப் பார்வையை 23 பாகை தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடி மாட்டினார். சில வாரங்களில் அவற்றின் காது வரைபடமும் அதற்கேற்ப நகர்ந்தது. வளர்ந்த கூகையில் அவ்வளவு எளிதில் நகரவில்லை. ஆனால் வளர்ந்தவற்றையே உயிருள்ள எலியை வேட்டையாட விட்டபோது, செத்த எலியைத் தின்று சும்மா இருந்தவற்றைவிட அதிகம் நகர்ந்தது. கண்ணாடி அதே, மூளையும் அதே, நடத்தைதான் வேறு.

இன்று ஒளியால் நியூரானைத் தூண்டலாம், கேமராப் பதிவிலிருந்து கால் அசைவைக் கணினியே குறித்துக்கொள்ளும், பழ ஈயின் மூளை முழுவதற்கும் இணைப்பு வரைபடம் (எந்த நியூரான் எதோடு இணைகிறது என்ற படம்) 2024இல் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். சி. எலிகன்ஸ் என்ற நூல்புழுவுக்கு 302 நியூரான்கள்தான்; அதன் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளியானது. அதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் புழு அடுத்து எந்தப் பக்கம் நெளியும் என்று இன்றும் யாரும் சொல்லிவிட முடியாது. பசித்த புழுவிலும் தின்ற புழுவிலும் ஒரே இணைப்பு வேறு விதமாக வேலை செய்கிறது, அந்த வித்தியாசம் வரைபடத்தில் இல்லை.