பல் பிடுங்கிய பிறகு இம்பிளாண்ட் எப்போது பொருத்தலாம்?

இம்பிளாண்ட் என்பது, இழந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பினுள் பொருத்தப்படும் சிறிய டைட்டேனியத் திருகாணி. செயற்கைப் பல் அதன் மேலேயே அமர்கிறது. எலும்பு உறுதியாகவும் கிருமித்தொற்று இல்லாமலும் இருந்தால், பல் பிடுங்கிய அன்றே அதைப் பொருத்துவதுண்டு. இல்லையேல் முரசு ஆறுவதற்காக 4 முதல் 8 வாரங்களோ, குழியில் எலும்பு ஓரளவு நிரம்புவதற்காக 3 முதல் 4 மாதங்களோ பல் வைத்தியர் காத்திருப்பார்.

திருகோணமலையில், உப்புவெளிப் பக்கத்து மணற்காணிகளில் வேலி அடைத்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். பழைய கதியாலைப் பிடுங்கிய குழியின் அடிமண் இறுக்கமாக இருந்தால் புதியதை உடனே நடலாம். மண் இளகியிருந்தால் அது இறுகும்வரை பொறுக்க வேண்டும். ஆனால் நெடுநாள் விட்டுவிட்டால் குழியின் ஓரங்கள் சரிந்து, அந்த இடமே தாழ்ந்துவிடும். தாடையும் அவ்வாறே. வேர் இல்லாத எலும்புக்கு வேலை குறைவதால் அது மெல்ல மெல்லக் கரைகிறது. அதிலும் அகலக் குறைவின் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே ஏற்பட்டுவிடுவதால், மிகவும் தாமதித்தவருக்குச் சில வேளைகளில் எலும்பு ஒட்டுச் சிகிச்சையும் தேவைப்படுகிறது. கட்டுப்பாடற்ற நீரிழிவும் புகைப்பழக்கமும் ஆறுதலைத் தாமதப்படுத்தும் என்பதால், அவற்றை வைத்தியரிடம் மறைக்காதிருப்பது (பலர் மறைக்கிறார்கள்) மிக அவசியம்.

அன்றே இம்பிளாண்ட் பொருத்தினால் அன்றே கடித்து உண்ணலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் திருகாணியுடன் எலும்பு இறுகப் பிணைவதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் செல்லும், அதற்கு முன் தற்காலிகப் பல் வைத்தாலும் அதன்மீது கடினமான உணவைக் கடிக்கக்கூடாது.