மெலிந்த உடம்புக்கும் மாரடைப்பு வருமா? மருத்துவர் பதில்கள்

நெல்லை, தென்காசி வட்டார வாசகர்கள் இதய நோயின் காரணங்கள் பற்றி எழுதிய கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 46. பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை நடத்துகிறார். ஒல்லியான தேகம். புகையோ மதுவோ தொட்டதில்லை. சர்க்கரை கொஞ்சம் உண்டு என்பார், மாத்திரை சாப்பிட்டதில்லை. சென்ற மாதம் விடியற்காலையில் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு, வாய்வாக இருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகுதான் மாரடைப்பு என்று தெரிந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த ஈ.சி.ஜி. நன்றாகத்தான் இருந்தது. எங்கள் அப்பாவும் 52 வயதில் நெஞ்சுவலியில்தான் காலமானார். கெட்ட பழக்கம் ஒன்றுமில்லாதவருக்கு இது எப்படி வந்தது?
– வாசகர், பாவூர்சத்திரம்

பதில்: அண்ணன் பிழைத்து வந்தது பெரிய ஆறுதல். காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை; உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. தந்தைக்கு 52 வயதில் நெஞ்சுவலி, கவனிக்காமல் விட்ட சர்க்கரை, இரவு இரண்டு மணிக்கே எழுந்து ஓடும் கமிஷன் கடைத் தொழிலில் கெட்ட தூக்கம், வரவு செலவுக் கவலை என இவற்றில் எதுவுமே பார்வைக்குக் கெட்ட பழக்கமாகத் தெரிவதில்லை. ஆனால் இவை அனைத்தும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன என்பதுதான் முக்கியம்.

இதயத் தமனியின் உட்சுவருக்குள் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு நுழைந்து தங்குவது பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. அதை அகற்ற வரும் வெள்ளை அணுக்கள் அந்தக் கொழுப்பையே விழுங்கி அங்கேயே சிக்கிக்கொள்வதால், சுவருக்குள் மெல்லிய தோல் மூடிய சீழ்க்கட்டி போன்ற ஒரு படிவு உருவாகிறது. அந்தத் தோல் ஒரு நாள் கிழிந்தால், காயத்தை அடைக்க ஓடிவரும் இரத்தம் அவ்விடத்தில் உறைந்து சில நிமிடங்களில் குழாயை முழுவதுமாக அடைத்துவிடுகிறது. பாதிகூட அடைக்காத படிவும் இப்படிக் கிழியக்கூடும். படுக்க வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. அந்த நேரத்தில் இதயத் தசை எப்படி இருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, தமனிச் சுவருக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டாது. ஆறு மாதத்துக்கு முந்தைய ஈ.சி.ஜி. பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்கக் கூடாத கேள்வியை நாம் கேட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்னும் ஊரில் 1948-இல் 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வுதான், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை ஆகியவற்றுக்கும் மாரடைப்புக்கும் உள்ள உறவை மருத்துவ உலகுக்கு உறுதியாகக் காட்டியது. கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. புகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஒவ்வொன்றும் தனியே இருந்தால் மாரடைப்பு அபாயத்தை ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு உயர்த்துகிறது. மூன்றும் சேர்ந்தால் அது 13 மடங்காகிறது என்று அந்த ஆய்வு கண்டது. ஆகவே, ‘எனக்குக் கொஞ்சம்தான் சர்க்கரை’, ‘பிரஷர் கொஞ்சம்தான் கூட’ என்று தனித்தனியே சமாதானம் சொல்லிக்கொள்வது ஆபத்தானது. கொஞ்சம் கொஞ்சமாக இருப்பவை ஒன்றையொன்று பெருக்கிவிடுகின்றன. அதே ஆய்வில் முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களில் பாதிப் பேருக்கு அது 53 வயதுக்குள்ளேயே வந்திருந்தது. மற்ற நாட்டவர்க்கு ஐந்தாறு ஆண்டுகள் பிந்தியே வந்தது. நமக்கு நாற்பது வயது என்பது, ஏற்கெனவே பரிசோதனையைத் தொடங்கியிருக்க வேண்டிய வயது.

ஒல்லி என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைகால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளிய உடம்பு நம் பக்கம் ஏராளம். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரையையும் கொழுப்புச் சத்தையும் தாறுமாறாக்குகிறது. எடைக்கருவி அதைக் காட்டாது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே நம்மவர்க்கு எல்லை. தையற்காரரின் டேப் கைவசம் இல்லையென்றால், அரைஞாண் கயிறு பதிந்து தோலில் தடம் விழுகிறதா என்று பார்த்தாலே வயிறு போகும் போக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

இனி உங்களுக்கு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காள் தங்கைக்கோ 65 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால், அதுவே தனி அபாயக் காரணி. நீங்களும் உடன்பிறந்தோரும் இரத்த அழுத்தம், சர்க்கரை, எல்.டி.எல். ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்பை வாழ்நாளில் ஒரு முறையாவது பார்ப்பது உங்கள் குடும்பத்துக்கு மிகவும் பயன்தரும். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்று யாருக்கு வந்தாலும், சோடா வாங்க ஆளனுப்பாமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: நானும் அம்மாவும் பீடி சுற்றுகிறோம். அப்பா பீடி குடிப்பார். சிகரெட்டில்தான் கெடுதல், பீடி வெறும் இலை என்கிறார். அம்மாவுக்கு வயது 54. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பெண்களுக்கு இந்த நோய் அதிகம் வராதுதானே?
– வாசகி, முக்கூடல்

பதில்: பீடி இலையில் காற்று எளிதாகப் புகுவதில்லை. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே புகையிலை குறைவாக இருந்தும் நிகோட்டின், தார், கார்பன் மோனாக்சைடு ஆகியவை சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன. பீடியும் மாரடைப்பு அபாயத்தை இரு மடங்குக்கு மேல் உயர்த்துவதாக இன்டர்ஹார்ட் கணக்கு காட்டியது. வாயில் அடக்கும் புகையிலைக்கும் அதே கதைதான். அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிப்பவருக்கும் பாதிப்பு உண்டு என்பதால், அப்பாவின் பீடி அம்மாவின் இதயத்தையும் தொடுகிறது. நல்ல செய்தி என்னவென்றால், நிறுத்திய ஓராண்டிலேயே புகையால் கூடிய இதய அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடுகிறது. எத்தனை ஆண்டுகள் குடித்திருந்தாலும் நிறுத்துவதால் பயன் உண்டு. அப்பாவிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

பெண்களுக்கு வராது என்பது தவறு. மாதவிலக்கு நிற்கும்வரை ஓரளவு பாதுகாப்பு உண்டு, நின்றபின் எல்.டி.எல்.-லும் இரத்த அழுத்தமும் ஏறத் தொடங்குகின்றன. பிள்ளைப்பேற்றின்போது சர்க்கரையோ கடும் இரத்த அழுத்தமோ வந்திருந்தால், அது இருபது ஆண்டு கழித்தும் இதயத்துக்கு எச்சரிக்கைதான். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை அசையாமல் உட்காரும் வேலையும் நல்லதல்ல. சிறிது நேரத்துக்கு ஒருமுறை தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தெருமுனைவரை நடந்து வரலாம். பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே மூச்சுத்திணறல், அசதி, குமட்டல், முதுகுவலி என்று நோய் வெளிப்படுவது உண்டு. ஆகையால் மாடிப்படி மூச்சிரைப்பை வயது என்று விட்டுவிடாமல், இந்த வாரமே மருத்துவரிடம் அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். இரத்தசோகையாலும் இப்படி வரலாம், அதையும் பார்த்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் சொதியும் அவியலும் வாரம் தவறாது. தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ராலே இல்லை என்று டப்பாவில் போட்டிருக்கிறார்கள். பிறகு ஏன் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறீர்கள்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: டப்பாவில் போட்டிருப்பது உண்மை, எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. அதை உண்டால் நம் உடம்பின் எல்.டி.எல். ஏறுகிறது. அன்றாடத் தாளிப்புக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மேல். அவியலில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றுவதையோ, கல்யாண வீட்டுச் சொதியையோ நான் தடுக்க மாட்டேன். என் கவலையெல்லாம், காலையில் காய்ச்சிய எண்ணெயிலேயே மாலைவரை வடை பொரிக்கும் கடைகளைப் பற்றியும், சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் உப்பைப் பற்றியும்தான். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு போதும் என்கிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்று ஒரே இலையில் நான்கும் விழுந்தால், குழம்பில் எவ்வளவு குறைத்தும் பயனில்லை.

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. வாழைத் தோட்ட வேலை. பிரஷர் 160/100 இருந்தது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். 128/80 ஆனதும் நிறுத்திவிட்டார். தலைவலி, தலைசுற்றல் எதுவும் இல்லையாம்.
– வாசகி, களக்காடு

பதில்: 128 என்பது மாத்திரை வேலை செய்ததன் அடையாளம், நோய் போய்விட்டதன் அடையாளம் அல்ல. இரத்த அழுத்தம் பெரும்பாலோர்க்கு எந்தத் தொந்தரவும் தராமலே தமனிச் சுவரைச் சிதைத்து, இதயத் தசையைத் தடிக்கச் செய்கிறது. 40 முதல் 69 வயதுவரை உள்ளவர்களுக்கு மேல் அளவு 20 புள்ளி கூடும்போதெல்லாம் இதய நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. தலைவலி வரட்டும் என்று காத்திருப்பவர்களை நினைத்தால் எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. மாத்திரை வாசல்வரை வந்தும் அலமாரியில் கிடப்பது கொடுமை.

இன்னொன்றையும் விசாரியுங்கள். வாழைத்தார் சுமந்த இடுப்புவலிக்கு மருந்துக் கடையில் தாமாக டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? அவை இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும், மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். நாளையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று அளந்து, மருத்துவர் சொல்படி மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் செய்யுங்கள். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபியும் பீடியும் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். அளவுகளைத் தேதியோடு குறித்து வையுங்கள். மருந்தைக் குறைக்க வேண்டுமானால் அந்தக் குறிப்பைப் பார்த்து மருத்துவர் குறைப்பார்.