பாலிசி ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் முன்

கேள்வி: அமெரிக்காவில் மகப்பேறு, பெண்கள் நல மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட் (மேற்படிப்புப் பயிற்சி மருத்துவர்). ஜே-1 விசா (பயிற்சிக்கு வருபவர்களுக்கான தற்காலிக விசா). ஹெல்த் பாலிசி (மருத்துவக் கொள்கை) ஃபெலோஷிப் செய்ய ஆசை. எதற்கு விண்ணப்பிக்கலாம்? ஆபரேஷன் பழக்கம் விட்டுப்போய்விடுமா?

பாலிசி ஃபெலோஷிப் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் ஓடுகின்றன. தரவை வைத்து ஆராய்ச்சி செய்வது ஒன்று. மக்கள் பிரதிநிதிகளிடமும் பத்திரிகைகளிடமும் போய் வாதாடுவது இன்னொன்று. அரசுக்குள்ளேயே உட்கார்ந்து சட்ட வரைவுக்கும் விதிக்கும் குறிப்பு எழுதுவது மூன்றாவது. இதில் உங்களுக்கு எது வேண்டும் என்று தெரியாமல் விண்ணப்பித்தால், கிடைத்த பிறகுதான் இது நமக்கு ஒத்துவராது என்று புரியும், அதற்குள் இரண்டு வருஷம் போயிருக்கும்.

நீங்கள் தினமும் பார்க்கும் ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மெடிகெய்டில் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கும் பெண் பிரசவத்தோடு கருத்தடை ஆபரேஷனும் வேண்டும் என்றால், பொதுவாக 30 நாளுக்கு முன்பே மத்திய அரசுப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அப்போது 21 வயது நிறைந்திருக்க வேண்டும், 180 நாள் தாண்டினால் படிவம் செல்லாது. குறைப்பிரசவம், அவசர ஆபரேஷன் போன்றவற்றில் மட்டும் 72 மணி நேரமாகக் குறையும். தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவருக்கு இந்த மத்திய அரசுக் காத்திருப்பு கிடையாது. படிவம் கிடைக்கவில்லை என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்ட எந்த ரெசிடென்டுக்கும் இந்த விதி மேல் கோபம் வரும். ஆனால் 1973-இல் அலபாமாவில் ரெல்ஃப் சகோதரிகள் என்ற இரண்டு கறுப்பினச் சிறுமிகளுக்கு, எழுதப் படிக்கத் தெரியாத தாயிடம் காகிதத்தில் ஒரு குறி வாங்கிக்கொண்டு கருத்தடை செய்தார்கள், அந்த வழக்கையும் அதுபோன்ற கொடுமைகளையும் தொடர்ந்துதான் இந்தப் பாதுகாப்பு வந்தது. அதனால் தூக்கி எறி என்றும் சொல்ல முடியாது, அப்படியே வை என்றும் சொல்ல முடியாது. ஆராய்ச்சியாளர், கேட்டும் ஆபரேஷன் கிடைக்காத பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று பார்ப்பார். வாதாடுபவர், கேட்டும் கிடைக்காத பெண்களையும் கட்டாயத்துக்குப் பயப்படும் பெண்களையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவருவார். அரசுக்குள் இருப்பவர் பாதுகாப்பைக் கெடுக்காத மாற்று வாசகம் எழுதுவார். இதைப் படிக்கும்போது எந்த வேலையில் மனம் நின்றது என்று பாருங்கள், அதுதான் உங்கள் விடை.

ஆராய்ச்சி என்றால் நேஷனல் கிளினிஷியன் ஸ்காலர்ஸ் புரோகிராம். இரண்டு வருஷம், யேல், பென், மிச்சிகன், டியூக், யுசிஎல்ஏ போன்ற இடங்களில் நடக்கிறது, முதுநிலைப் பட்டம் சேர்த்தே படிக்க வழி உண்டு. நேஷனல் அகாடமி ஆஃப் மெடிசினில் மகப்பேறு மருத்துவர்களுக்கென்றே நார்மன் கான்ட் பெயரில் ஒரு ஃபெலோஷிப் இருக்கிறது, வேலையை விடாமல் இரண்டு வருஷம் பகுதி நேரமாகச் செய்யலாம், ஆனால் அது ஓரளவு ஆராய்ச்சி கையில் வைத்திருப்பவருக்கு. வாதாடுவதற்கு ஃபிசிஷியன்ஸ் ஃபார் ரீப்ரொடக்டிவ் ஹெல்த் நடத்தும் தலைமைப் பயிற்சி; ரெசிடென்ட்டாக இருக்கும்போதே மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பான ஏகாக்கின் கெல்ஹவுஸ் ஃபெலோஷிப், வாஷிங்டனில் சில வாரம். அரசுக்குள் போக ராபர்ட் வுட் ஜான்சன், வெள்ளை மாளிகை ஃபெலோஷிப்கள் பேர்போனவை. முதலாவது அனுபவம் சேர்ந்தவர்களுக்கானது, இரண்டாவதுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், ஆக இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

சரி, உங்கள் விசா. ஜே-1-இல் வந்த டாக்டர் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் விலக்கு வாங்க வேண்டும். பலரும் போவது, மாநிலங்கள் மூலம் விலக்கு கிடைக்கும் கான்ராட் 30 திட்டத்தின் வழியில்: டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருஷம் முழுநேர வேலை, வாரம் 40 மணி நேரம். டாக்டர்களுக்கு ஜே-1 தரப்படுவது கிளினிக்கல் பயிற்சிக்கு என்பதால், ரெசிடென்சி முடிந்த கையோடு ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்குத் தாவுவது சிக்கல். என் யோசனை, விலக்கு வேலையை முதலில் முடியுங்கள். அதைத் தண்டனைக் காலமாக நினைக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் பத்தில் நான்கு பிரசவத்துக்கு மெடிகெய்டுதான் பணம் கொடுக்கிறது, பிரசவத்துக்குப் பிந்தைய மெடிகெய்டை 60 நாளிலிருந்து 12 மாதமாக நீட்ட 2022 ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கு வழி திறந்தது, அது காகிதத்தில் இருப்பதும் நோயாளி கைக்கு வருவதும் ஒன்றுதானா என்று அந்த மாதிரி ஊரில்தான் தெரியும். மேலே சொன்ன தலைமைப் பயிற்சி, ஏகாக் மாநிலக் கிளை வேலை இவற்றை அப்போதே பகுதி நேரமாகச் செய்யலாம். வெளியிலிருந்து உதவித்தொகை வாங்கும் முன் மட்டும் குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள்.

ஆபரேஷன் பற்றிய பயம் நியாயமானது. சிறப்பு மருத்துவர் என்று சான்று தரும் போர்டின் வாய்மொழித் தேர்வுக்கு நீங்களே பார்த்த கேஸ்களின் பட்டியல் கொடுக்க வேண்டும், வாரம் ஒரு நாள் கிளினிக் மட்டும் பார்த்தால் அது நிரம்பாது. விலக்கு வேலையை முதலில் செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், பட்டியலும் தேர்வும் அங்கேயே முடிந்துவிடும்.

விண்ணப்பிக்கும் காலம் வந்ததும் பழைய ஃபெலோக்கள் இருவருக்கு மெயில் போடுங்கள். வாரத்தில் எத்தனை நாள் ஆபரேஷன் தியேட்டர் கிடைத்தது, இரவு டியூட்டிக்குத் தனிச் சம்பளமா, மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு வழக்குக்கான) இன்சூரன்ஸ் யார் கட்டினார்கள், இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஜூலையில் சேர வேண்டுமென்றால் முந்தைய ஆண்டே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதனால் இந்த மெயில்களை அதற்கும் ஆறு மாதம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.