கவலைப்பட்டால் கரு தங்காதா?

கேள்வி: எனக்கு வயது 34. சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கிறோம். முதல் ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) சுற்றில் கருப்பையில் வைத்த கரு தங்கவில்லை. உறைநிலையில் இருக்கும் இன்னொரு கருவை அடுத்த மாதம் வைக்கப்போகிறார்கள். "எந்நேரமும் கவலைப்பட்டுக்கிட்டே இருந்தா எப்படிம்மா தங்கும்?" என்கிறார் மாமியார். அதைக் கேட்டதிலிருந்து கவலைப்படுவதை நினைத்தே கவலையாக இருக்கிறது, இரவில் அழுகை வருகிறது. மனநல ஆலோசகரைப் பார்க்கும்படி மருத்துவமனைத் தாதி சொல்கிறார். போனால் வேலையிடத்துக்குத் தெரிந்துவிடுமா? கரு வைத்த பிறகு எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?

பதில்: முதல் கரு தங்காததற்கும் உங்கள் கவலைக்கும் முடிச்சுப் போடாதீர்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2011ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 14 ஆய்வுகளில் 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சைக்கு முன்பு பதற்றமும் சோர்வும் அதிகமாக இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் அந்தச் சுற்றில் கருத்தரிப்பதில் வேறுபாடு தெரியவில்லை. கரு தங்காமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம் கருவில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கையில் ஏற்படும் பிழை. கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது. உங்கள் அழுகை அதை உண்டாக்கவும் இல்லை, அழாமல் இருந்திருந்தால் சரியாகியிருக்கப்போவதும் இல்லை. மாமியார் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். அடுத்த சந்திப்புக்கு உங்கள் கணவர் அவரையும் அழைத்துவந்து, தாதியின் வாயாலேயே இதைக் கேட்க வைக்கட்டும். மருமகள் சொன்னால் சாக்கு, வெள்ளைச் சீருடை சொன்னால் மருத்துவம் என்பதுதானே நம் வீடுகளின் வழக்கம்!

அப்படியானால் மனத்தைக் கவனிக்காமல் விட்டுவிடலாமா? கூடாது. கரு தங்குவதற்காக இல்லை, உங்களுக்காகவே கவனிக்க வேண்டும். தூக்கம் கெட்டால் மருந்து நேரம் தவறும், வீட்டில் சண்டை வரும். கையில் கரு இருந்தும் தெம்பில்லாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடும் தம்பதிகள் உண்டு.

படுத்திருப்பது பற்றிக் கேட்டீர்கள். ஒரு நாள்கூட வேண்டாம். கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பவை. காயா டோஸ்ட்டின் இரு துண்டுகளுக்கு நடுவே ஒட்டிய எள்ளைப்போலத்தான் கரு உள்ளே இருக்கும். எழுந்து நின்றாலோ சிறுநீர் கழித்தாலோ படியேறினாலோ விழாது. எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பலாம், சமைக்கலாம், வேலைக்குப் போகலாம். கனமான பளு தூக்குவதையும் ஓடிக் குதிக்கும் பயிற்சியையும் மட்டும் தள்ளிவையுங்கள். நாள் முழுக்கப் படுத்திருந்தால் கால் மரத்து, மலச்சிக்கல் வந்து, மனம் ஒரே இடத்தில் சுற்றும்.

உண்மையில் கவனம் வேண்டியது மருந்தில்தான். ஹார்மோன் மாத்திரை கொடுத்துக் கருப்பையைத் தயார்செய்யும் சுற்றில் உங்களுக்கு முட்டை வெளிவராது. அதனால் கருவைத் தாங்கும் புரோஜெஸ்டெரோனை உடம்பு தானாகச் சுரக்காது. மருந்திலிருந்து கிடைப்பதுதான் எல்லாம். பிறப்புறுப்பில் வைக்கும் 400 மில்லிகிராம் மருந்து நாளுக்கு இரண்டு முறை என்றால் காலை 8, இரவு 8 என்று 12 மணி நேர இடைவெளியில் வையுங்கள். கையைக் கழுவி, படுத்து முழங்காலை மடக்கி, விரல் போகும் அளவுக்கு உள்ளே தள்ளி, 20 நிமிடம் அப்படியே இருங்கள். பிறகு வெள்ளையாக மெழுகு போல வழியும். "மருந்தெல்லாம் வெளியே வந்துவிட்டது" என்று பதறி இன்னொன்றை வைப்பவர்கள் பலர். வருவது மருந்தைச் சுமந்த கொழுப்புதான், மருந்து உள்ளே போயிருக்கும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் வையுங்கள், இரண்டைச் சேர்த்து வைக்காதீர்கள். கருத்தரித்தாலும் நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் 10 முதல் 12 வாரம்வரை பெரும்பாலும் இது தொடரும். இரத்தக் கசிவைப் பார்த்ததும் "போச்சு" என்று முடிவுசெய்து நீங்களாக நிறுத்தவே கூடாது. கசிந்தும் கரு நன்றாக இருப்பது உண்டு. மருந்தை நிறுத்தினால் இருந்த கருவும் கலையலாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மார்பு வலி, வயிற்று உப்பசம், தூக்கக் கலக்கம், காரணமில்லாத எரிச்சல், கண்ணீர் எல்லாவற்றையும் புரோஜெஸ்டெரோனே கொண்டுவரும். அறிகுறி இருந்தால் கரு இருக்கிறது என்றோ, இல்லையென்றால் இல்லை என்றோ சொல்ல முடியாது. தினமும் வீட்டில் சோதித்துப் பார்ப்பதும் பயன்படாது. சீக்கிரம் சோதித்தால் கரு இருந்தும் ஒரு கோடுதான் தெரியும். மருத்துவமனை குறித்த நாளில் இரத்தப் பரிசோதனையே போதும்.

அந்தக் காத்திருப்பு நாள்கள்தான் சிகிச்சையிலேயே கடினமானவை, ஊசி நாள்களைவிட. கவலையை விரட்டப் பார்க்காமல் அதற்கு நேரம் ஒதுக்குங்கள்: மாலையில் 20 நிமிடம், கையில் தாள், வரும் பயங்களை எழுதுங்கள். மற்ற நேரத்தில் வந்தால் "சாயங்காலம் பார்த்துக்கலாம்". இரவு 10 மணிக்கு மேல் இணையத்தில் தேடுவதை நிறுத்துங்கள். வளைகாப்பு அழைப்பு வந்தால் போகாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. மொய்யைக் கணவர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

ஆலோசகரைப் பார்த்தது வேலையிடத்துக்குப் போகாது. மருத்துவக் குறிப்புகளை முதலாளிக்குக் கொடுக்க மருத்துவமனைக்கு உங்கள் அனுமதி வேண்டும். எம்சியில் (மருத்துவ விடுப்புச் சான்றிதழில்) நோயின் பெயரும் பொதுவாக இருக்காது. புதிய காப்புறுதி எடுக்கும்போது விண்ணப்பத்தில் கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒரு காரணத்துக்காக உதவியைத் தவிர்ப்பது நல்ல கணக்கில்லை. தாதி பரிந்துரைப்பதும் உங்களைப் "பைத்தியம்" என்று நினைத்து இல்லை. ஸ்கேனுக்கும் இரத்தத்துக்கும் அடிக்கடி உங்களைப் பார்ப்பவர் அவர்தான், மாற்றம் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் சோகம், சாப்பாட்டில் வெறுப்பு, பிடித்ததிலும் நாட்டமின்மை என்றிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், கரு வைக்கும் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே மனநல மருந்து எடுத்தால் கருத்தரித்த பயத்தில் திடீரென நிறுத்தாதீர்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் எந்நேரமும் 1767 அல்லது 1771 உதவி எண்ணை அழையுங்கள்.

செலவும் மனத்தை அரிக்கும். இருவரும் சிங்கப்பூரர்களாக இருந்தால் பொது மருத்துவமனையில் உறைநிலைக் கருச் சுற்று ஒன்றுக்கு 75 விழுக்காடுவரை, அதிகபட்சம் 2,200 வெள்ளி, அரசாங்கம் ஏற்கிறது. அத்தகைய மூன்று சுற்றுகளுக்கு இது கிடைக்கும். உங்கள் மருத்துவச் சேமிப்பான மெடிசேவும் உண்டு. இதை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கரு வைப்பதற்கு முன் தாதியிடம் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலுவலக நேரத்துக்குப் பிறகு யாரை அழைப்பது? எந்த அளவு கசிவுக்கு நேரே வரவேண்டும்? (மணிக்கு ஒரு பேட் நனைந்தால், ஒரு பக்கம் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் யாரையும் கேட்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.) முடிவை யார், எப்போது சொல்வார்கள்? பரிசோதனை செய்த அன்று பிற்பகலே தொலைபேசி வருவது வழக்கம். அலுவலகக் கூட்டத்தில் இருக்கும்போது அந்த அழைப்பை எடுக்காதீர்கள். கணவரின் எண்ணுக்கு அழைக்கச் சொல்லலாம், மாலை 5 மணிக்கு மேல் என்றும் கேட்டுப் பார்க்கலாம். கரு தங்கவில்லை என்றால் அவர்கள் சொன்ன பிறகே மருந்தை நிறுத்துங்கள். சில நாளில் வரும் மாதவிலக்கு வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கும். மறுஆய்வுச் சந்திப்பை அந்த அழைப்பிலேயே பதிவுசெய்யுங்கள்.